ஆகஸ்ட் லீவுக்கு முல்லைத்தீவா, மன்னாரா? கிளிநொச்சியில் இருந்து ஒரு நாள் பயணம்

ஆகஸ்ட் லீவு தொடங்கினால் பிள்ளைகள் உள்ள வீடுகளில் எழும்புகிற கேள்வி இது. விடியப் புறப்பட்டு, பொழுதுபடுவதற்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். கடலும் பார்க்க வேண்டும். கிழவர்களையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும். கண்டி, நுவரெலியா என்றால் தங்கல் செலவு வரும், அது வேறு கணக்கு. ஒரே நாளில் முடிகிற பயணம் என்றால் கிளிநொச்சியில் இருக்கிற எங்களுக்கு உண்மையில் இரண்டு பக்கம்தான் உண்டு: கிழக்கே முல்லைத்தீவு, மேற்கே மன்னார். எங்கள் குடும்பம் இரண்டு பக்கமும் போயிருக்கிறது. இந்த லீவுக்குக் கிழக்கு என்று முடிவெடுத்து, வான் பிடித்துப் போய்வந்தோம். அதனால் இந்த அலசல் கிழக்குப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

தூரத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பரந்தனில் இருந்து முல்லைத்தீவு சுமார் 52 கிலோமீற்றர். மன்னார் என்றால் பூநகரி வழியாக மன்னார் நகருக்கே 100 கிலோமீற்றருக்கு மேல், தலைமன்னார் இறங்குதுறை இன்னும் ஒரு 30. வானுக்குக் கிலோமீற்றர் கணக்கில் காசு கொடுக்கிறவர்களுக்கு இதிலேயே பாதி விடை வந்துவிடும். சாப்பாட்டுச் செலவு இரண்டுக்கும் ஒன்றுதான், எப்படியும் வீட்டில் இருந்து கட்டிக்கொண்டுதான் போகிறோம்.

பார்க்கிற இடங்களை மட்டும் எண்ணினால் மன்னார் வென்றுவிடும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம், பக்கத்தில் பாலாவித் தீர்த்தம். போர்த்துக்கேயர் 1560இல் கட்டி, பிறகு ஒல்லாந்தர் பிடித்த கோட்டை. பள்ளிமுனையில் நாலைந்து பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத பெருக்க மரம். அரிப்பில் ஆளுநர் நோர்த் முத்துக்குளிப்பைப் பார்க்கவென்று கடலோரம் கட்டிய மாளிகையின் இடிபாடு. தலைமன்னாரில் இராமேஸ்வரம் கப்பல் போய்வந்த பழைய இறங்குதுறை. சரித்திரம் படிக்கிற வயதில் பிள்ளை இருந்தால் ஒரு வருடப் பாடத்தை ஒரு நாளில் காட்டலாம். முல்லைத்தீவில் இந்த அளவு கிடையாது.

ஆனாலும் நான் கிழக்கைத் தேர்ந்தெடுத்தேன். காரணம் ஒன்றே ஒன்றுதான், அது நடுப்பகல்.

ஆகஸ்டில் வன்னியில் ஒரு நாள் பயணம் நன்றாக அமைகிறதா இல்லையா என்பதைக் காலையும் தீர்மானிப்பதில்லை, பின்னேரமும் தீர்மானிப்பதில்லை. காலை பத்தரைக்கும் பின்னேரம் மூன்றரைக்கும் இடையில் குடும்பத்தை எங்கே வைத்திருக்கப் போகிறோம் என்பதுதான் தீர்மானிக்கும். அந்த ஐந்து மணித்தியாலத்துக்குள் கோவில்கள் நடை சாத்திவிடும். கடற்கரை மணலில் கால் வைக்க முடியாது. வானுக்குள் ஏசி போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் எண்ணெய்க் காசு போகும், பிள்ளைகளுக்குச் சத்தியும் வரும். முழங்கால் வருத்தம் உள்ள அம்மாவைப் போன்ற ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு நிழல், தண்ணீர், காலை நீட்டிப் படுக்க இடம் மூன்றும் ஒரே இடத்தில் வேண்டும். பயணத்தைத் திட்டமிடும்போது முதலில் அந்த இடத்தைக் குறித்துவிட்டு, மற்றதையெல்லாம் அதற்கு முன்னும் பின்னும் பொருத்த வேண்டும்.

மன்னார்த் தீவில் அந்த நேரத்துக்கு ஒதுங்க இடம் குறைவு. உப்புத்தரவை, பனை, முள்ளுமரம், பிறகு காற்று. தென்மேற்கில் இருந்து சோளகக் காற்று வீசுகிற மாதங்கள் இவை. மன்னாரின் தென்கரையோரம் தம்பபவனி காற்றாலைகள் முப்பதும் வரிசையாக நிற்பது இந்தக் காற்றை நம்பித்தான். காற்று என்றால் குளிர்ச்சி என்று நினைக்க வேண்டாம். அனலோடு மணலையும் அள்ளிக்கொண்டு வரும். சோற்றுப் பார்சலைத் திறந்தால் முதல் கவளத்திலேயே பல்லில் மண் நெறிபடும். கடலும் அந்தப் பக்கம் கொந்தளிப்பாக இருக்கும், பிள்ளைகளை இறக்க மனம் வராது. மேற்கில் நடுப்பகலுக்கு ஏற்ற ஒரே பெரிய நிழல் மடு மாதா கோவில். காட்டுக்குள் இருக்கிற அந்த ஆலய வளவில் மரம் உண்டு, தண்ணீர் உண்டு, அமைதி உண்டு. ஆனால் ஆகஸ்ட் 15 பெருவிழாவை ஒட்டி நாடு முழுவதிலும் இருந்து சனம் வந்து கூடாரம் அடித்துத் தங்கும். வேண்டுதலோடு போகிறவர்களுக்கு அதுதான் போகவேண்டிய காலம். உல்லாசமாக ஒரு நாள் போகிறவர்கள் அந்த நாட்களில் போய் அவர்களுக்கு இடைஞ்சலாக நிற்கத் தேவையில்லை. அதோடு மடுவில் மத்தியானத்தைக் கழித்தால் தலைமன்னாரை மறந்துவிட வேண்டும், இரண்டும் ஒரே நாளில் ஒப்பேறாது.

கிழக்கில் இந்த ஐந்து மணித்தியாலத்துக்கு விடை இருக்கிறது. அதற்கு வழியைச் சரியாகப் பிடிக்க வேண்டும். பலர் மாங்குளத்தால் போய், வந்த வழியாலேயே திரும்புகிறார்கள். நாங்கள் வட்டமடித்தோம். போகும்போது பரந்தன், தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு. திரும்பும்போது முள்ளியவளை, ஒட்டுசுட்டான், மாங்குளம். வெளியான, நிழலில்லாத வீதியை விடியற்காலைக் குளிரில் கடந்துவிடலாம். காட்டு வீதி வெயில் நேரத்துக்கு வந்து வாய்க்கும். யானை நடமாடுகிற அந்த மாங்குளப் பாதையை மைம்மலுக்கு முன்பே தாண்டியும் விடலாம். இரவில் வன்னி வீதிகளில் படுத்திருக்கிற மாடுகளைப் பற்றி நான் யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

புதுக்குடியிருப்பைத் தாண்டினால் முள்ளிவாய்க்கால் வரும். அந்த இடத்தைப் பார்க்கிற இடங்களின் பட்டியலில் சேர்க்க எனக்கு மனமில்லை. ஆனால் பிள்ளைகள் கேட்பார்கள். 2009இல் நடந்ததை எந்த வயதில், எவ்வளவு சொல்வது என்பதை ஒவ்வொரு குடும்பமும் வீட்டிலேயே பேசி முடிவெடுத்துக்கொண்டு போவது நல்லது. நாங்கள் வானை நிறுத்தி இறங்கி, கொஞ்ச நேரம் பேசாமல் நின்றோம். மூத்தவனுக்கு அம்மா சில பேரைச் சொன்னார். சின்னவளுக்கு இன்னும் சொல்லவில்லை. பிறகு வட்டுவாகல் பாலம். ஒருபக்கம் நந்திக்கடல், மறுபக்கம் பெருங்கடல். ஒடுங்கிய பாலம், எதிரே வாகனம் வந்தால் பொறுத்துத்தான் போக வேண்டும்.

முல்லைத்தீவுக் கடற்கரைக்கு ஏழு மணிக்கு முன்னர் போய்ச் சேர்ந்தால் வெயில் ஏறுவதற்குள் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் கிடைக்கும். சோளகம் தரைப் பக்கத்தில் இருந்து வருவதால் இந்த மாதங்களில் கிழக்குக் கடல் அடங்கி இருக்கும். சிலாபம், நீர்கொழும்புப் பக்கத்து மீனவர்கள் இதே மாதங்களில் நாயாறு, கொக்கிளாய் என்று வந்து வாடி (தற்காலிகக் குடில்) அடிப்பதற்கும் அதுதான் காரணம். அதிர்ஷ்டம் இருந்தால் கரைவலை இழுப்பதைப் பார்க்கலாம். இருந்தாலும் அடங்கின கடல் என்று பிள்ளைகளை விட்டுவிடக் கூடாது. கரை சட்டென்று ஆழமாகிறது. முழங்காலுக்கு மேல் தண்ணீர் போகவிடாமல் ஒரு பெரியவர் கடல் பக்கம் முகம் வைத்து நிற்க வேண்டும், கரைப் பக்கம் நின்று கூப்பிட்டுக்கொண்டிருப்பது போதாது. கழிப்பறைக்குக் கடற்கரையை நம்பாமல் நகரத்திலேயே வேலையை முடித்துக்கொண்டு போகலாம்.

ஒன்பதரைக்குக் கிளம்பினால் வற்றாப்பளை. நடை சாத்த முன் கண்ணகி அம்மனைக் கும்பிட்டுவிடலாம். ஆடு மேய்த்த சிறுவர்களிடம் வந்த கிழவி, விளக்குக்கு எண்ணெய் இல்லை என்றபோது கடல் தண்ணீரை ஊற்றி எரிக்கச் சொன்ன கதையை அம்மா அங்கே வைத்துத்தான் சொன்னார். வைகாசிப் பொங்கலுக்கு இன்றைக்கும் உப்புநீரில் விளக்கெரிகிறது. பொங்கலன்று போனால் சனத்துக்குள் பிள்ளையின் கையை விடமுடியாது. ஆகஸ்டில் ஒரு சாதாரண நாளில் நந்திக்கடல் காற்று வர, ஆறுதலாக இருந்து கதை கேட்கலாம்.

இனித்தான் நடுப்பகல். ஒட்டுசுட்டானுக்கு வந்து முத்தையன்கட்டுப் பக்கம் திரும்பினோம். குளத்தில் இறங்குவதற்காக இல்லை. வன்னிக் குளங்களில் முதலை உண்டு, தாமரைக் கொடியும் சேறும் வேறு. தெரியாத குளத்தில் யாரையும் இறங்கவிடக் கூடாது. எங்களுக்கு வேண்டியது கட்டுக்குக் கீழே, துருசால் (மதகால்) தண்ணீர் வந்து ஓடுகிற வாய்க்கால் கரை. சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறந்திருக்கிற காலம். மருத மரம் இருபக்கமும் வளைந்து நிற்கிறது. அதன் வேர்கள் கரையைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்குகின்றன, அதில் உட்கார்ந்தால் கதிரை மாதிரி. அடியில் மணல், தண்ணீர் முழங்காலுக்குக் கீழே, வெளியில் அனல் அடிக்கும்போதும் குளிர்ச்சி. படங்கை விரித்து, வாழையிலையில் கட்டிய புட்டையும் பொரித்த மீனையும் அவிழ்த்தோம். மணல் இல்லாத சாப்பாடு.

சாப்பிட்டு முடிய அம்மா வேரில் இருந்து காலைத் தண்ணீரில் போட்டார். "அம்மம்மா, ஆட்டாமல் வையுங்கோ, மீன் வந்து கடிக்கும்" என்று சின்னவள் சொல்ல, உண்மையாகவே குஞ்சுமீன்கள் வந்து குதிக்காலைக் கொத்தின. வான் ஓட்டி வந்த தம்பி படங்கின் ஒரு மூலையில் நல்ல நித்திரை. ஒரு நாள் பயணத்தில் ஓட்டுநர் மத்தியானம் ஒரு மணித்தியாலம் படுத்தெழும்புவதை நான் மிக முக்கியமாகப் பார்க்கிறேன். பின்னேர வீதியில் நடக்கிற விபத்து பலதுக்கும் தூக்கம்தான் காரணம். மன்னார்ப் பயணத்தில் அவருக்கு அந்த ஓய்வைக் கொடுக்க எங்களுக்கு இடம் கிடைக்கவில்லை. நான் கிழக்கைச் சொல்வதற்கு இதுவும் சேர்ந்த காரணம்.

வாய்க்காலில் ஒரு கவனம் வேண்டும். தண்ணீர் எப்போதும் ஓடாது. முறை வைத்துத் திறப்பார்கள், அறுவடை நெருங்கினால் பூட்டிவிடுவார்கள். ஆகஸ்ட் முதல் பாதியில் போனால் வாய்ப்பு அதிகம், கடைசிக் கிழமையில் வெறும் மணலும் இருக்கலாம். அந்தப் பக்கத்தில் கமம் செய்கிற ஒருவரைத் தெரிந்திருந்தால் முதல்நாள் கேட்டுவிடுங்கள். தண்ணீர் இல்லாவிட்டாலும் நிழல் இருக்கும். வாய்க்கால் தண்ணீர் வயலுக்குப் போகிற தண்ணீர் என்பதால் சவர்க்காரம் போட்டுக் குளிக்க வேண்டாம், சாப்பிட்ட கடதாசியும் பொலித்தீனும் திரும்பவும் வானுக்குள் வரட்டும். காட்டுக்குள் பிள்ளைகளை விறகு, பழம் என்று அலையவிட வேண்டாம். கண்ணிவெடி எச்சரிக்கை மண்டையோட்டுப் பலகை எங்கே கண்டாலும் அதற்கு அப்பால் ஒரு அடியும் வைக்கக் கூடாது என்பதைப் புறப்படுவதற்கு முன்பே சொல்லி வைக்க வேண்டும்.

மூன்றரைக்குக் கிளம்பினால் மாங்குளம், பிறகு முறிகண்டிப் பிள்ளையார் கோவில். அங்கே வாகனம் நிற்காமல் போகாது. கற்பூரம் கொளுத்தி, சுடச்சுடக் கச்சான் வாங்கிக்கொண்டு இரணைமடுக் குளக்கட்டுக்கு வந்தால் வெயில் தணிந்துவிடும். கனகராயன் ஆற்றை மறித்து 1920இல் கட்டி முடித்த குளம். சிலர் இரணைமடுவையே ஒரு முழுநாள் பயணமாகச் சொல்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. பகலில் அந்தக் கட்டில் நிற்க நிழல் போதாது. ஐந்து மணிக்குப் பிறகு அதைப் போல இடம் கிடையாது. எங்களுக்கு வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் நாளை முடிக்கிற இடமாக வைத்துக்கொண்டோம்.

காரைநகர்க் கசூரினாவையும் சொல்லாமல் விடமுடியாது. நடக்க நடக்க ஆழமில்லாத கடல், கரையில் சவுக்கு நிழல். கைக்குழந்தை, மூன்று நாலு வயதுப் பிள்ளைகள் என்றால் முல்லைத்தீவை விட அது பாதுகாப்பு, நடுப்பகல் பிரச்சினையும் அங்கே பாதி தீர்ந்துவிடும். லீவு நாளில் வருகிற சனமும், யாழ்ப்பாண நகரத்துக்குள் வான் ஊர்ந்து போகிற நேரமும்தான் என்னைத் தடுப்பது. நாயாறு, கொக்கிளாய் வரைக்கும் இழுத்துப் போகலாம் என்று சொல்பவர்களும் உண்டு. எனக்கு அந்தப் பக்கம் அவ்வளவு பழக்கமில்லை, குடும்பத்தோடு எங்கே ஒதுங்கலாம் என்று உறுதியாகச் சொல்லமாட்டேன்.

வவுனியாவில் இருந்து கிளம்புகிறவர்களுக்குக் கணக்கு மாறும். அவர்களுக்கு மடு கிட்ட. விழாக்காலம் கழிந்த பிறகு மடுவில் மத்தியானத்தைக் கழித்து, பின்னேரம் திருக்கேதீச்சரத்தில் நடை திறக்கப் போய்ச்சேரலாம், கடலை விட்டுவிட்டால் அது நல்ல நாள்தான். எங்களுக்கு மன்னார் மாசி மாதத்துக்கு. அப்போது வெயில் இவ்வளவு கடுமையில்லை, சோளகமும் இன்னும் தொடங்கியிருக்காது, வங்காலைப் பக்கம் பூநாரைகளும் நிற்கும். ஒரு சனி ஞாயிறு பார்த்து, ஓர் இரவு தங்கி, அரிப்பையும் தலைமன்னாரையும் அவசரமில்லாமல் காட்டலாம் என்று மூத்தவனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.