தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குப் பாட்டில் பழக்கினோம்: ஒரு வருட அனுபவம்

மகளுக்கு 13 மாதம் ஆகிறது. போன வாரம் பாட்டில்களை எல்லாம் கழுவிக் காயவைத்து, ஒரு பையில் கட்டி அலமாரிக்கு மேலே வைத்துவிட்டேன். முதல் பாட்டில் வாங்கும்போது நான் படித்த விமர்சனங்கள் பெரும்பாலும் வாங்கிய ஓரிரு வாரத்தில் எழுதியவை. ஒரு வருடம் புழங்கிய அம்மாக்கள் என்ன சொல்வார்கள் என்பதுதான் அன்று எனக்கு வேண்டியிருந்தது.

முதலில் நாங்கள் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். பால் நன்றாகச் சுரந்து, குழந்தையும் மார்பில் சரியாகப் பிடித்துக் குடிக்கப் பழக 3, 4 வாரமாவது ஆகும், அதற்குப் பிறகே பாட்டில் என்று சொல்வார்கள். அப்படியே காத்திருந்தோம். நான்கு வாரம் முடிந்ததும், அப்போதுதான் எடுத்த பால் 40 மில்லியை அவள் அப்பா கொடுத்தார். ஒரு மறுப்பும் இல்லாமல் குடித்தாள். சரி, பழகிவிட்டாள் என்று பாட்டிலை உள்ளே வைத்தோம். மறுபடி வெளியே எடுத்தது அவளுக்கு மூன்றரை மாதம் ஆனபோது. நான் வேலைக்குத் திரும்ப இரண்டே வாரம் இருந்தது.

நிப்பிள் உதட்டில் பட்டதுமே முகத்தைத் திருப்பினாள். நாக்கால் வெளியே தள்ளினாள். கொஞ்சம் வற்புறுத்தியதும் முதுகை வளைத்துக்கொண்டு வீறிட்டாள். அன்று அவளோடு நானும் அழுதேன்.

பிறந்த புதிதில் வாயில் எது பட்டாலும் குழந்தை சப்பும். அது அனிச்சையாக நடப்பது. மூன்று, நான்கு மாதத்துக்குள் அந்த அனிச்சை குறைந்து, சப்புவதும் மறுப்பதும் குழந்தையின் விருப்பமாகிவிடுகிறது. நாங்கள் பாட்டிலை ஒதுக்கி வைத்திருந்த இரண்டரை மாதத்தில் நடந்தது இதுதான். ஒரு முறை குடித்துவிட்டால் போதாது, விடாமல் தொடர வேண்டும். இது எங்களுக்கு யாரும் சொல்லாதது. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, 30 மில்லி கொடுத்து வந்திருந்தாலே போதும் என்று நினைக்கிறேன்.

பயத்தில் விதவிதமாக நான்கு நிப்பிள் வாங்கினேன். எதையும் அவள் தொடவில்லை. பிரச்சினையில் பாதி பாலில்தான் இருக்கிறது என்று ஐந்தாவது நாள்தான் தெரிந்தது. ஃப்ரீசரிலிருந்து எடுத்து உருக்கிய பாலை ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். சோப்புத் தண்ணீர் போல இருந்தது. தாய்ப்பாலில் லைபேஸ் என்ற நொதி உண்டு. அது கொழுப்பை உடைக்கும். சிலருடைய பாலில் அதன் வேலையால், வைத்திருக்க வைத்திருக்க இந்த வாடை வந்துவிடும். பால் கெட்டுப்போகவில்லை, குழந்தைக்குத் தீங்கும் இல்லை. ஆனால் சில குழந்தைகள் அந்த ருசியை ஏற்பதில்லை. என் மகளும் அப்படித்தான். சேர்த்து வைத்திருந்த 20 பைகளையும் கொட்ட மனம் வரவில்லை. அன்றன்று எடுத்த பாலோடு பாதிக்குப் பாதி கலந்து கொடுத்தபோது, பிற்பாடு குடித்தாள். அதற்குப் பிறகு உறையவைக்கும் பாலை மட்டும், ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழ் வரும்வரை சூடாக்கி, கொதிக்கும் முன்பே இறக்கி, உடனே ஆறவைத்து ஃப்ரீசரில் வைத்தேன். சூடாக்கினால் பாலின் நல்ல குணங்களில் கொஞ்சம் குறையும் என்பதால் மற்ற பாலுக்கு இதைச் செய்யவில்லை. குழந்தை பாட்டிலை மறுத்தால் நிப்பிளை மாற்றுவதற்கு முன் பாலை ருசித்துப் பாருங்கள்.

மீதிப் பாதி, கொடுக்கும் விதம். பால் கொடுப்பது போலவே கிடத்தி வைத்துக்கொண்டால் அவள் மார்பைத் தேடினாள். அவள் அப்பா அவளைத் தன் மடியில், ஜன்னலைப் பார்த்தபடி நிமிர்த்தி உட்காரவைத்தார். நான் மாடிக்குப் போய்விட்டேன். கடும் பசியில் கொடுக்கக் கூடாது, அழத் தொடங்கிவிட்டால் எதுவும் நடக்காது. தூங்கி எழுந்து லேசாகப் பசிக்கும் நேரம்தான் எங்களுக்குக் கைகொடுத்தது. நிப்பிளை வாய்க்குள் திணிக்காமல் மேலுதட்டில் தொட்டுக் காத்திருந்தால், அவளாகவே வாய் திறந்து இழுத்துக்கொண்டாள். ஒன்பதாவது நாள் 20 மில்லி குடித்தாள். இரண்டு வாரம் முடியும்போது 80.

வேலைக்குப் போன பிறகு வேறொரு கவலை. மகளைப் பார்த்துக்கொண்ட அக்கா தினமும் சொல்வார், "பாப்பாவுக்குப் பத்தலைம்மா, இன்னும் கொஞ்சம் வெச்சுட்டுப் போங்க." எனக்கு வயிற்றைப் பிசையும். இடைவேளையில் எல்லாம் பால் எடுக்கும் பம்ப்போடு உட்கார்ந்தேன். ஒரு விடுமுறை நாளில் அவர் கொடுப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தபோதுதான் புரிந்தது. பாட்டிலைச் செங்குத்தாகக் கவிழ்த்துக் கொடுத்தார். 100 மில்லி நான்கு நிமிடத்தில் தீர்ந்தது. மார்பில் பால் இறங்கும், நிற்கும், மறுபடி இறங்கும். குழந்தை இழுத்தால்தான் வரும். கவிழ்த்த பாட்டிலிலோ அவள் விழுங்கியே ஆக வேண்டும். வயிறு நிறைந்தது தெரிவதற்குள் பாட்டில் காலியாகி, இன்னும் வேண்டும் என்று அழுகிறாள்.

அன்றே அவரோடு உட்கார்ந்து மாற்றிக்கொண்டோம். குழந்தையை நிமிர்த்தி, பாட்டிலைப் படுக்கைவாட்டில் பிடித்து, நிப்பிளில் பால் நிற்கும் அளவுக்கு மட்டும் சாய்த்து, சில மிடறுக்கு ஒருமுறை நிறுத்த வேண்டும். பாதியில் கை மாற்றிக்கொள்ள வேண்டும். அவள் தலையைத் திருப்பினால் அத்தோடு போதும், மிச்சத்தைத் தீர்க்க வைக்க வேண்டாம். ஒரு பாட்டிலுக்கு 15, 20 நிமிடம் ஆகும். ஒரு வாரத்தில் அந்த "பத்தலை" நின்றுபோனது. பால் கக்குவதும் குறைந்தது. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை ஒரு மாதத்திலிருந்து ஆறு மாதம்வரை ஏறக்குறைய ஒரே அளவுதான் குடிக்கிறது, சராசரியாக ஒரு நாளைக்கு 750 முதல் 800 மில்லி. வயது ஏற ஏறப் பாட்டிலைப் பெரிதாக்கத் தேவையில்லை. தனக்குப் பால் போதவில்லை என்று மனம் உடைந்து நிறுத்திவிடும் அம்மாக்களை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

பொருள்களைப் பற்றி. கண்ணாடிப் பாட்டில் இரண்டு, பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கில் செய்த பாட்டில் மூன்று வைத்திருந்தேன். கண்ணாடி கனம்தான், ஆனால் ஒரு வருடம் கழித்தும் கீறலில்லை, வாடையில்லை. பிளாஸ்டிக் ஆறு மாதத்தில் மங்கி, கீறல் விழுந்து, மாற்ற வேண்டி வந்தது. அகல வாய் உள்ளதே கழுவச் சுலபம். குழந்தை பாலோடு காற்றை விழுங்காமல் இருக்க உள்ளே குழாய் வைத்த ஒரு பாட்டிலும் வாங்கினேன். ஐந்து பாகம், ஒவ்வொன்றுக்கும் தனி பிரஷ். நிதானமாகக் கொடுக்கத் தெரிந்த பிறகு அது தேவைப்படவே இல்லை. பால் சூடாக்கும் கருவியும் அப்படித்தான். கிண்ணத்தில் வெந்நீர் போதும். மைக்ரோவேவ் மட்டும் வேண்டாம், பாலில் அங்கங்கே சூடு தங்கி வாய் வெந்துவிடும்.

நிப்பிளில், மிக மெதுவாகப் பால் வரும் வகையிலேயே கடைசிவரை இருந்தோம். அதில் போட்டிருக்கும் எண் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஒன்றின் 1, இன்னொன்றின் 2ஐவிட வேகமாகக் கொட்டியது. கவிழ்த்துப் பார்த்தே வாங்குங்கள். வாரம் ஒருமுறை இழுத்துப் பார்த்து, கிழிசல் இருந்தால் எறிந்துவிட வேண்டும்.

பம்ப்பில் முக்கியம், மார்பில் பொருத்தும் அதன் புனலின் அளவு. கூடவே வந்தது 24 மில்லிமீட்டர், எனக்குச் சரியானது 19. மாற்றிய அன்றே வலி போனது, பாலும் கூடுதலாக வந்தது.

எடுத்த பாலை 25 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகாத அறையில் 4 மணி நேரம், பிரிட்ஜில் 4 நாள், ஃப்ரீசரில் 6 மாதம் என்ற கணக்கில் வைத்தேன். பிரிட்ஜில் உருக்கியதை 24 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். வாய் வைத்த பாட்டிலில் மிஞ்சியது 2 மணி நேரத்துக்கு மேல் ஆகாது.

ஐந்தாவது மாதத்தில் பகல் முழுக்க 150 மில்லிதான் குடித்தாள், இரவெல்லாம் என்னிடம். மறுபடி மறுக்கிறாளோ என்று பயந்தேன். எடை ஏறிக்கொண்டிருந்தது, ஒரு நாளில் ஆறேழு முறை சிறுநீர் போனாள். அம்மா இல்லாத நேரத்தில் குறைத்துக்கொண்டு இரவில் ஈடுகட்டும் குழந்தைகள் உண்டு என்று மருத்துவர் சொன்னார். மூன்று வாரத்தில் தானாகச் சரியானது. தூக்கம் போனது மட்டும் உண்மை.

பாட்டில் பழகினால் மார்பை விட்டுவிடுவாள் என்ற பயமும் இருந்தது. அவள் பாட்டில் குடிக்கும் நேரத்தில் எல்லாம் நானும் பால் எடுத்தேன், அதனால் சுரப்பு குறையவில்லை. இன்றும் காலையும் இரவும் குடிக்கிறாள். ஆறு மாதத்திலேயே சின்ன டம்ளரைக் கையில் கொடுத்ததால், பாட்டிலை நிறுத்தியது அவளுக்குத் தெரியவே இல்லை.

தங்கைக்கு அடுத்த மாதம் பிரசவம். கண்ணாடிப் பாட்டில் இரண்டும் அவளுக்கு, நிப்பிள் மட்டும் புதிதாக வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். குழந்தை பிறந்ததும், நான்காவது வாரம் முடியும் நாளிலிருந்து வாரம் மூன்று முறை என்று போனில் நினைவூட்டல் போட்டுக்கொள்வதாக அவள் கணவர் சொல்லியிருக்கிறார்.