பறக்கும் ரயில், பேருந்து, மெட்ரோ: சென்னையில் நெடுநாள் பயணியின் அனுபவம்

வேளச்சேரியிலிருந்து அண்ணா சாலைப் பக்கம் வேலைக்குச் செல்பவன் என்பதால், பறக்கும் ரயில் (உயர்த்தப்பட்ட பாதையில் ஓடும் நகர ரயில்), மாநகரப் பேருந்து, மெட்ரோ ஆகிய மூன்றையும் பல ஆண்டுகளாக மாறி மாறிப் பயன்படுத்தி வருகிறேன். எது வசதியானது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் ஒவ்வொரு முறையும் பணத்தில்தான் போய் முடிகிறது. கட்டுவதற்கு யார் கொடுத்தார்கள், ஓட்டுவதற்கு யார் கொடுக்கிறார்கள் என்ற இரண்டும் வெவ்வேறு கேள்விகள். பயணியின் அன்றாட அனுபவத்தை முடிவு செய்வது பெரும்பாலும் இரண்டாவதுதான்.

பறக்கும் ரயிலை எடுத்துக்கொள்வோம். கடற்கரையிலிருந்து 1995-இல் சேப்பாக்கம் வரையும், 1997-இல் திருமயிலை வரையும், 2007-இல் வேளச்சேரி வரையும் வந்த இந்தப் பாதையில், திருமயிலைக்கு அப்பாலான இரண்டாம் கட்டச் செலவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை மாநில அரசு ஏற்றது; ஆனால் ஓட்டுவது ரயில்வே. குறைந்தபட்சக் கட்டணம் இன்றும் 5 ரூபாய் என்பதால், மாதச் சீசன் டிக்கெட் எடுப்பவருக்கு இது நகரின் மிக மலிவான கட்டணப் பயணங்களில் ஒன்று. நிலையங்களோ, வணிக வளாகங்களாகவும் பயன்படட்டும் என்று எண்ணிக் கட்டியவை போல அவ்வளவு பிரம்மாண்டமானவை. அந்த மாடிகளில் பெரும்பகுதி வாடகை ஈட்டாமலே கிடந்தது. ஈட்டியிருந்தால் பராமரிப்புக்குக் கட்டணத்தை நம்பியிருக்க வேண்டியதில்லை என்பது என் கணிப்பு. வேளச்சேரியிலிருந்து பரங்கிமலை வரையிலான மீதி 5 கிலோமீட்டரும் நில எடுப்புச் சிக்கலில் பல ஆண்டுகள் முடங்கியது. பாதை முழுமையாகாததால் பயணிகள் குறைந்தார்கள், பயணிகள் குறைந்ததால் வருவாயும் குறைந்தது.

மெட்ரோவின் கதை வேறு. 2015 ஜூன் 29 அன்று கோயம்பேடு–ஆலந்தூர் இடையே தொடங்கிய முதல் கட்டத்துக்கான பணத்தில் பெரும்பங்கு, ஜப்பான் அரசின் பன்னாட்டு ஒத்துழைப்பு முகமையான ஜைக்கா கொடுத்த கடன். வண்டி நேரத்துக்கு வருகிறது, நிலையம் சுத்தமாக இருக்கிறது, குளிர்சாதனம் இருக்கிறது. நீண்டகாலப் பயனாளராக இதில் குறை சொல்ல எனக்கு அதிகமில்லை. தொடக்கக் காலத்தில் கட்டணம்தான் உறுத்தியது. 2021 பிப்ரவரியில் உச்சக் கட்டணத்தை 70 ரூபாயிலிருந்து 50 ஆகக் குறைத்த பிறகுதான், என்னைப் போன்றோருக்கு இது விசேஷ நாள் பயணமாக இல்லாமல் அன்றாடப் பயணமானது.

பேருந்துதான் நகரின் உண்மையான முதுகெலும்பு. பேச்சில் மட்டும் அது எப்போதும் கடைசி. 2018 ஜனவரியில் கட்டணம் ஒரேயடியாக உயர்த்தப்பட்டு, போராட்டங்களுக்குப் பின் சிறிதளவு குறைக்கப்பட்டது. அப்போது லிட்டர் 70 ரூபாய்க்குள் இருந்த டீசல் பின்னர் 90-ஐத் தாண்டியது. சாதாரணக் கட்டணப் பேருந்தின் குறைந்தபட்சக் கட்டணமோ அதே 5 ரூபாய். 2021 மே மாதம் முதல் இந்தச் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்தது, அதற்கான தொகையை அரசு போக்குவரத்துக் கழகங்களுக்கு ஈடுசெய்கிறது. வீட்டுவேலைக்குச் செல்லும் பெண்களின் மாதச் செலவில் இது மிச்சப்படுத்தும் தொகையைக் கண்ணால் பார்த்தவன் நான். இதை வெறும் இழப்புக் கணக்கில் எழுதுவோரோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் இந்த ஈடு பழைய பேருந்துகளை ஓட்ட உதவுமே தவிர, புதிய பேருந்துகளை வாங்கித் தராது. அதனால்தான் 2025 ஜூன் இறுதியில் வந்த மின்சாரப் பேருந்துகள், தனியார் நிறுவனமே வாங்கி ஓட்ட, ஓடிய கிலோமீட்டருக்கு அரசு பணம் தரும் முறையில் வந்தன. குலுக்கல் இல்லை, புகையில்லை, தாழ்தளம் என்பதால் முதியோர் எளிதாக ஏறுகிறார்கள். ஒப்பந்தக் காலம் முழுவதும் அந்தப் பணம் தவறாமல் ஒதுக்கப்பட வேண்டுமே என்பதுதான் என் கவலை.

இப்போது எல்லோர் கண்ணும் மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் மீது. 118.9 கிலோமீட்டர், மூன்று வழித்தடங்கள், 63,246 கோடி ரூபாய். 2020-இல் அடிக்கல் நாட்டப்பட்டும், மத்திய அமைச்சரவையின் ஒப்புதல் 2024 அக்டோபர் 3 அன்றுதான் கிடைத்தது. அதுவரை பெரும்பகுதிச் செலவை மாநில அரசே சுமந்தது. ஜைக்காவோடு ஆசிய வளர்ச்சி வங்கி முதலியவையும் கடன் கொடுத்துள்ளன. கடன் கொடுப்பவர்கள் தூண்களுக்குப் பணம் தருவார்கள். நிலையத்திலிருந்து வீடு வரையிலான கடைசி இரண்டு கிலோமீட்டருக்குத் தரமாட்டார்கள். பழைய மாமல்லபுரம் சாலையில் சிறுசேரி வரை மெட்ரோ ஓடத் தொடங்கும்போது, ஒவ்வொரு நிலையத்து வாசலிலும் சிற்றுந்து நிற்க வேண்டும். அந்தச் சிற்றுந்துக்கான ஒதுக்கீடு எந்தத் துறையின் கணக்கில் வரும் என்பதை இப்போதே முடிவு செய்யாவிட்டால், அங்கே ஷேர் ஆட்டோக்கள்தான் நிற்கும்.