பெர்லினில் தனியாக: தனி வீடா, பகிர்வு அறையா?

தனி வீட்டில் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். ஆனால் கிடைப்பதே பெரும்பாடு. சம்பளச் சீட்டு, ‘ஷூஃபா’ கடன் அறிக்கை எல்லாம் கேட்பார்கள். புதிதாக வந்தவரிடம் அதெல்லாம் ஏது? முன்பணமும் 3 மாத அடிப்படை வாடகை வரை போகும். பல வீடுகளில் சமையலறை என்பது வெறும் சுவர்தான். அடுப்பு, சிங்க் வரை நாமே வாங்கிப் பொருத்த வேண்டும்.

அதனால் முதல் வருடத்துக்கு என் ஓட்டு ‘வேகே’ எனும் பகிர்வு வீட்டில் ஓர் அறைக்கு. பாத்திரம் பண்டமெல்லாம் இருக்கும். என்ன, ஏற்கெனவே இருப்பவர்கள் நம்மை நேர்காணல் செய்வார்கள், கிட்டத்தட்ட பெண் பார்க்கிற மாதிரி. தாளிப்பு வாசனை பரவாயில்லையா என்று அப்போதே கேட்டுவிடுங்கள்.

எதுவானாலும், குடியேறிய 14 நாட்களுக்குள் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீடு தந்தவரின் சான்று தேவை. அதைத் தர மறுக்கும் அறை எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.