ஜிமேட்டா, ஜிஆர்இயா: உங்கள் தப்பு எங்கே நடக்கிறது?

"அக்கா, எம்பிஏவுக்கு ஜிமேட் எழுதவா, ஜிஆர்இ எழுதவா? எது ஈஸி?" வேலை முடிந்து விரைவுரயிலில் வீட்டுக்குப் போகும்போது எனக்கு இந்தச் செய்தி அடிக்கடி வரும். இரண்டும் மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வுகள்: ஜிமேட் பிசினஸ் ஸ்கூலுக்கு, ஜிஆர்இ அதோடு மற்ற முதுகலை, பிஎச்டி படிப்புகளுக்கும். நான் இரண்டுக்கும் உட்கார்ந்து படித்தவள். எது ஈஸி என்பதற்குப் பொதுவான பதில் கிடையாது. ஆனால் உங்களுக்கு எது ஒத்துவரும் என்பதை இரண்டு சனிக்கிழமைகளில் கண்டுபிடித்துவிடலாம்.

முதலில், சீனியர்கள் சொல்வதைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். அவர்கள் எழுதிய தேர்வு இப்போது இல்லை. 2023இல் இரண்டுமே மாறிவிட்டன. கிட்டத்தட்ட நான்கு மணி நேரம் ஓடிய ஜிஆர்இ இப்போது 1 மணி 58 நிமிடத்தில் முடிகிறது. ஜிமேட் 2 மணி 15 நிமிடம். ஜிமேட்டில் கட்டுரை போய்விட்டது, வடிவியல் போய்விட்டது, நம்மில் பலரைத் தூங்கவிடாமல் செய்த வாக்கியப் பிழைதிருத்தமும் போய்விட்டது. மதிப்பெண்ணும் 205இலிருந்து 805 வரை என்று ஆகிவிட்டது. பழைய 700க்கு இணை இன்றைய 645. இது தெரியாமல் 655 வாங்கிவிட்டு அழுத ஒரு தம்பியை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, கணக்குக்கு வருவோம். இரண்டு தேர்வுக்கும் உண்மையான வித்தியாசம் இங்கேதான் தெரியும். ஜிமேட் கணக்குப் பகுதியில் 45 நிமிடத்தில் 21 கேள்விகள், கால்குலேட்டர் கிடையாது. ஜிஆர்இயில் 47 நிமிடத்தில் 27 கேள்விகள், திரையிலேயே கால்குலேட்டர் உண்டு. தமிழ்நாட்டில் வாய்ப்பாடு சொல்லி வளர்ந்து, பிளஸ் டூ வரை கையால் பெருக்கி வகுத்தவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. இங்கே சிங்கப்பூரில் தொடக்கநிலை 5இலிருந்து கால்குலேட்டரோடு வளர்ந்த பிள்ளைக்கு 17ஐ 24ஆல் பெருக்குவதே அரை நிமிடம் தின்னும். அறிவுக் குறைவு இல்லை, பழக்கம்தான். ஆனால் அந்தப் பழக்கத்தை மாற்ற எனக்குத் தெரிந்தவர்களுக்கு இரண்டு மாதமாவது பிடித்திருக்கிறது.

ஜிமேட்டின் குணம் தெரிய வேண்டுமென்றால் தகவல்களை அலசச் சொல்லும் டேட்டா இன்சைட்ஸ் பகுதியைப் பாருங்கள். அதில் வரும் ஒரு வகைக் கேள்வியை நம் ஊர்ப் பாணியில் சொல்கிறேன். தேக்காவில் ஒரு கடையில் தோசையும் பரோட்டாவும் சேர்த்து 90 தட்டு விற்றது. தோசை எத்தனை தட்டு? தகவல் ஒன்று: பரோட்டாவைவிடத் தோசை 30 தட்டு அதிகம். தகவல் இரண்டு: தோசை, பரோட்டாவைப்போல் இரண்டு மடங்கு. நாம் உடனே 60 என்று கண்டுபிடித்து, இரண்டாவது தகவலுக்கும் மறுபடி கணக்குப் போட்டுச் சரிபார்ப்போம். நேரம் அங்கேதான் போகிறது. கேள்வி 60ஐக் கேட்கவில்லை. எந்தத் தகவல் தனியாகவே போதும் என்றுதான் கேட்கிறது. இரண்டும் தனித்தனியாகப் போதும் என்று தெரிந்ததும் நகர்ந்துவிட வேண்டும். விடையைக் கண்டுபிடிக்காமல் நிறுத்தப் பழகுவது, பத்து வருடம் பரீட்சை எழுதிய கைக்குச் சுலபமில்லை.

ஜிஆர்இ கணக்கு வேறு மாதிரி வழுக்கும். எக்ஸ் பெரியதா, எக்ஸின் வர்க்கம் பெரியதா என்று கேட்கும். 2 என்று வைத்தால் வர்க்கம் பெரியது. 1 என்றால் இரண்டும் சமம். அரை என்றால் எக்ஸ் பெரியது. ஆக, சொல்ல முடியாது என்பதே விடை. பின்னமும் பூச்சியமும் எதிர்மறை எண்ணும் நினைவுக்கு வருகிறவர் பிழைத்துக்கொள்வார்.

ஆங்கிலத்தில் ஜிஆர்இ கடினம், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சொல்வளம் வேண்டும். பட்டியலை மனப்பாடம் செய்தால் மட்டும் போதாது. 'லோன் சாங்ஷன் ஆயிடுச்சு' என்று நாம் தமிழிலேயே பேசுகிறோம், அதனால் சாங்ஷன் என்றால் அனுமதி என்று மனத்தில் பதிந்திருக்கும். அதே சொல்லுக்குத் தண்டனை, தடை என்றும் பொருள் உண்டு. ஜிஆர்இக்கு இப்படிப்பட்ட சொற்கள் மேல் தனிப் பிரியம். ஜிமேட்டில் இந்தத் தொல்லை குறைவு. பத்தியைப் படித்து, வாதத்தில் ஓட்டை எங்கே என்று பிடித்தால் போதும்.

ஒரு சின்ன விஷயம், ஆனால் பதற்றக்காரர்களுக்குப் பெரியது. ஜிஆர்இயில் ஒரு பகுதிக்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பிப்போய் விடையை மாற்றலாம். ஜிமேட்டில் ஒவ்வொரு பகுதியிலும் மூன்று விடைகளை மட்டுமே மாற்றலாம்.

எங்கே செல்லுபடியாகும் என்ற கவலை எம்பிஏவுக்கு வேண்டாம். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் சரி, இங்கே வளாகம் வைத்திருக்கும் இன்சியாட் பிசினஸ் ஸ்கூலும் சரி, இரண்டையும் ஏற்கின்றன. ஆனால் எம்பிஏவா, டேட்டா சயன்ஸ் முதுகலையா, பிஎச்டியா என்று மனம் இன்னும் ஊசலாடினால் ஜிஆர்இ எழுதுங்கள். பிசினஸ் ஸ்கூல் தவிர வேறு கதவு வேண்டாம், கணக்கில் கை ஓடும், சொற்பட்டியல் என்றாலே அலுப்பு என்பவர் தயங்காமல் ஜிமேட் பக்கம் போகலாம். இரண்டு மதிப்பெண்ணும் ஐந்து வருடம் செல்லும்.

இப்போது அந்த இரண்டு சனிக்கிழமைகள். இரண்டு தேர்வை நடத்துகிறவர்களும் ஆளுக்கு இரண்டு முழு மாதிரித் தேர்வுகளை இலவசமாகத் தருகிறார்கள். புத்தகம் வாங்கும் முன், டியூஷனுக்குப் பணம் கட்டும் முன், ஒரு வாரம் ஒன்று, மறுவாரம் மற்றது எழுதிப் பாருங்கள். வீட்டில் எழுதினால் வார நாளில் வேண்டாம், மேல்வீட்டில் ரெனவேஷன் டிரில்லிங் ஓடலாம். மதிப்பெண்ணை மட்டும் பார்க்காதீர்கள். ஒவ்வொரு தப்புக்கும் எதிரே தெரியாமல் விட்டதா, நேரம் போதாமல் விட்டதா என்று எழுதுங்கள். தெரியாதவை பெரும்பாலும் சொற்களாக இருந்தால் ஜிமேட். கணக்கில் நேரம் போதாமல் விட்டவை அதிகம் என்றால் கால்குலேட்டர் உள்ள ஜிஆர்இ.

அப்புறம் தேதி. முதல் முறை சரியாக வராவிட்டால் ஜிமேட்டை 16 நாள் கழித்தும் ஜிஆர்இயை 21 நாள் கழித்தும் மறுபடி எழுதலாம். விண்ணப்பத்தின் கடைசி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, இரண்டாவது முயற்சிக்கும் இடம் விட்டு முதல் தேதியைப் பதிவு செய்யுங்கள். பரிந்துரைக் கடிதம் தரப்போகும் மேலாளரிடம் அதே வாரத்திலேயே பேசிவிடுங்கள். கடைசி வாரத்தில் அவர் விடுப்பில் ஊருக்குப் போய்விட்டால் ஜிமேட்டில் 705 வாங்கியிருந்தாலும் விண்ணப்பம் அப்படியே கிடக்கும்.