கசடு பற்றிப் படிக்க ஒரு நல்ல வகுப்பு

சிவில் முடித்து ஏழு வருடம் கட்டுமான வேலை பார்த்த பிறகு, குடிநீர், கழிப்பறை சார்ந்த கொள்கைத் துறைக்கு மாறலாம் என்று போன வருடம் கிளம்பினேன். முதலில் 18,000 ரூபாய் கட்டி ஒரு தனியார் சான்றிதழ் வகுப்பில் சேர்ந்தேன் (பெயர் வேண்டாம், விடுங்கள்). ஐ.நா.வின் 6-வது நீடித்த வளர்ச்சி இலக்கை நாலு வாரம் ஸ்லைடு ஸ்லைடாக வாசித்துக் காட்டினார்கள், அவ்வளவுதான்.

அந்த எரிச்சலில் தேடியபோது கோர்ஸரா என்ற இணைய வகுப்புத் தளத்தில் கிடைத்தது சுவிட்சர்லாந்தின் ஏயாவாக் ஆய்வு நிறுவனம் தரும் கசடு கழிவு மேலாண்மை வகுப்பு. கசடு என்றால் கழிப்பறைக் குழியிலும் செப்டிக் டேங்கிலும் சேரும் மலக்கழிவு. நடத்துபவர் லிண்டா ஸ்ட்ராண்ட். நான் சேர்ந்தபோது வீடியோக்கள் இலவசம், சான்றிதழுக்குத்தான் காசு.

இதில் எனக்குப் பிடித்தது, பாதாளச் சாக்கடையில் ஆரம்பிக்காமல் கழிப்பறைக் குழியில் ஆரம்பிப்பது. உலகில் 270 கோடிப் பேருக்கு மேல் குழியையும் செப்டிக் டேங்கையும் நம்பித்தான் இருக்கிறார்கள், அதை அள்ளுவது யார், லாரிக்குக் காசு கொடுப்பது யார், கொண்டுபோய் எங்கே கொட்டுகிறார்கள் என்று வரிசையாகப் போகும்போது நம் தெருவே வேறு மாதிரி தெரிய ஆரம்பிக்கிறது. இருபது வருடமாக எங்கள் வீட்டு டேங்க் நிரம்பவே இல்லை என்பது அப்பாவுக்குப் பெருமை. பாதி வகுப்பில் சந்தேகம் வந்து, கட்டிய கொத்தனாரையே கேட்டேன். "அடியில தளம் போடலப்பா, போட்டா சீக்கிரம் ரொம்பிடும்ல" என்றார். அதாவது கழிவுநீர் அப்படியே மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது. கிணறு அங்கிருந்து முப்பது அடிகூட இல்லை.

ஆய்வகக் கணக்குகள் கொஞ்சம் வறட்சி, வேகத்தைக் கூட்டிப் பார்த்தேன். ஆனால் கசடைப் பரப்பிக் காயவைக்கும் படுகைகள் பற்றிய பகுதியைத் தாண்டிவிடாதீர்கள். காய்ந்த கசடை ஆலைகளுக்கு எரிபொருளாக விற்க முடியுமா என்று டக்கார், கம்பாலா, அக்ரா ஆகிய ஆப்பிரிக்க நகரங்களில் ஆராய்ந்ததில் ஏயாவாக்குக்கும் பங்கு உண்டு.

சரி, இதை மட்டும் படித்தால் வேலை கிடைக்குமா? கிடைக்காது. நகராட்சியில் கோப்பு எப்படி நகர்கிறது என்பதைச் சொல்லித்தருவது இந்த வகுப்பின் வேலையும் இல்லை. அதற்கு, தமிழக அரசு 2014-ல் வெளியிட்ட செப்டேஜ் (செப்டிக் டேங்கிலிருந்து அள்ளும் கழிவு) வழிகாட்டு நெறிமுறைகளைத் தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டும். அப்புறம் ஏயாவாக்கின் இதே வகுப்பு வரிசையில் கிறிஸ்டோஃப் லூதியின் துப்புரவுத் திட்டமிடல் வகுப்பு இருக்கிறது, கொள்கை வேலைக்கு அதுதான் இன்னும் நெருக்கம். நான் இப்போது அதில் இரண்டாவது வாரத்தில் இருக்கிறேன்.