சிஏ-வுக்கு ப்ளஸ் டூ முடிச்ச கையோட ஃபவுண்டேஷனா, பிகாம் முடிச்சிட்டு நேரா இன்டரா? தமிழ் மீடியத்துல படிச்சவங்களுக்காக

எங்க தெருவுல இந்த வருஷம் ப்ளஸ் டூ முடிச்ச பொண்ணு ஒண்ணு, குடியாத்தம் பக்கம் கவர்மெண்ட் ஸ்கூல், தமிழ் மீடியம், கணக்குப்பதிவியல்ல நல்ல மார்க், போன வாரம் அவங்க அம்மாவ கூட்டிட்டு வீட்டுக்கு வந்து "ணா, சிஏ படிக்கணும், இப்பவே ஃபவுண்டேஷன் போட்டுட்டு பிகாம கரஸ்ல படிச்சிடவா, இல்ல காலேஜ்ல சேர்ந்து முடிச்சிட்டு அப்பால பாத்துக்கவா"ன்னு கேட்டுச்சு. தெரியாதவங்களுக்கு ஒரு வரி: சிஏ-ன்னா சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட், அதுக்கு ஃபவுண்டேஷன், இன்டர், ஃபைனல்னு மூணு எக்ஸாம், கூடவே ஆடிட்டர்கிட்ட வேலை கத்துக்கற ஆர்ட்டிகிள்ஷிப்; டிகிரில போதுமான மார்க் இருந்தா ஃபவுண்டேஷன் எழுதாம நேரா இன்டர் போலாம், அது தான் டைரக்ட் என்ட்ரி. அன்னிக்கு அர மணி நேரம் பேசினேன், போனப்புறம் பாதி சொல்லவே இல்லன்னு தோணுச்சு, அதான் முழுசா எழுதறேன்.

நான் ரெண்டாவது வழில வந்தவன். 2021-ல ப்ளஸ் டூ, கொரோனால பப்ளிக் எக்ஸாமே நடக்காம பாஸ் போட்ட பேட்ச். வேலூர்ல ரெகுலர் பிகாம், 2024-ல முடிச்சேன், டைரக்ட் என்ட்ரில சிஏ இன்டர் போட்டு போன வருஷம் ரெண்டு குரூப்பும் கிளியர் பண்ணி, இப்ப வேலூர்லயே ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல ஆர்ட்டிகிள்ஷிப்ல இருக்கேன். எங்க பெரியப்பா பையன் முதல் வழில போனான், எனக்கும் அவனுக்கும் ஒரே வயசு, அவன் இந்நேரம் ஃபைனலுக்கு ரெடியாயிட்டு இருக்கான். அதனால ரெண்டு பக்கமும் கிட்ட இருந்து பாத்திருக்கேன், ஆனா நான் என் வழிய தான் சொல்லுவேன், அத மொதல்லயே சொல்லிடறேன்.

எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயத்த சீக்கிரம் முடிச்சிடறேன். நேரம்னு பாத்தா ஃபவுண்டேஷன் வழி தான் சீக்கிரம், இதுல பேச்சே இல்ல. 2023 ஜூலைல வந்த புது முறைல ஆர்ட்டிகிள்ஷிப் மூணு வருஷத்துல இருந்து ரெண்டு வருஷமா கொறஞ்சிடுச்சு, எல்லாத்தையும் ஒரே மூச்சுல பாஸ் பண்ணா ப்ளஸ் டூல இருந்து மூணரை வருஷத்துல சிஏ ஆயிடலாம். டிகிரி முடிச்சிட்டு வந்தா ஆறு வருஷத்துக்கு மேல ஆவும். கரஸ்ல படிக்கிறதோட பெரிய வசதி, அட்டெண்டன்ஸ் தொல்லை கிடையாது, ஏன்னா ஆர்ட்டிகிள்ஷிப் வாரத்துக்கு 35 மணி நேரம், ரெகுலர் காலேஜும் அதுவும் ஒண்ணா ஓட்டறது கஷ்டம். செலவுன்னு பாத்தா கவர்மெண்ட் காலேஜ்ல ஃபீஸ் ரொம்ப கம்மி, அதோட கவர்மெண்ட் ஸ்கூல்ல படிச்ச பொண்ணுங்களுக்கு புதுமைப் பெண், பசங்களுக்கு தமிழ்ப் புதல்வன்ல மாசம் 1000 ரூபாய் வருது, இது ரெகுலரா காலேஜ் போறவங்களுக்குத் தான், கரஸ்ல படிச்சா கிடைக்காது. இத நெறைய பேரு வீட்டுல யோசிக்கவே மாட்டாங்க, ஆனா மாசம் ஆயிரம்னா மூணு வருஷத்துக்கு முப்பத்தாறாயிரம் ஆச்சே.

டைரக்ட் என்ட்ரிக்கு பிகாம்ல 55 சதவீதம் வேணும், வேற டிகிரின்னா 60. என் கூட படிச்ச ஒருத்தன் 53-ல நின்னுட்டான், மூணு வருஷம் முடிச்சிட்டும் அவன் ஃபவுண்டேஷன் தான் எழுதணும். அதனால இந்த வழில வரவங்க முதல் செமஸ்டர்ல இருந்தே மார்க்க பாத்துக்கணும், கடைசி வருஷத்துல தூக்கிக்கலாம்னு விட்டா தூக்க முடியாது.

இப்ப நான் உண்மையா சொல்ல வந்த விஷயம். சிஏ எக்ஸாம் இங்கிலீஷ்ல எழுதலாம், ஹிந்தில எழுதலாம். தமிழ்ல எழுத முடியாது. இத யாருமே மொதல்ல சொல்றதில்ல, ஃபீஸ் எவ்ளோ பாஸ் பெர்சென்டேஜ் எவ்ளோன்னு தான் பேசறாங்க, ஆனா நம்ம பக்கத்து பசங்க விழறது இந்த எடத்துல தான். குடியாத்தம், பேர்ணாம்பட்டு, கே.வி.குப்பம், அணைக்கட்டுன்னு கவர்மெண்ட் ஸ்கூல்ல படிச்சவங்க நெறையப் பேரு கணக்குல கெட்டி. பேரேடு, இருப்பாய்வு, தேய்மானம், வங்கிச் சரிகட்டும் பட்டியல் எதக் கேட்டாலும் போடுவாங்க. பேரு தான் மாறுது, நம்பரு மாறாதுன்னு அக்கவுண்ட்ஸ் பேப்பர சமாளிச்சிடலாம். பிரச்சன லா பேப்பர்ல.

எங்க ஸ்கூல் பையன் ஒருத்தன், கிளாஸ்லயே ஃபர்ஸ்ட், நேரா ஃபவுண்டேஷன் போட்டான். அக்கவுண்ட்ஸ்ல 62. குவான்டிடேட்டிவ் ஆப்டிட்யூடும் எகனாமிக்ஸும் டிக் அடிக்கிற பேப்பர், தப்புக்கு கால் மார்க் கொறைப்பாங்க, அதுலயும் தேறிட்டான். பிசினஸ் லா 31. ஒவ்வொரு பேப்பர்லயும் 40 வேணும், மொத்தத்துல 50 சதவீதம் வேணும், ஒரு பேப்பர் 31-ன்னா எல்லாம் போச்சு, நாலு பேப்பரும் திரும்ப எழுதணும். மூணு தடவ எழுதினான், மூணு தடவையும் அதே லா. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872 அவனுக்கு தெரியும், தமிழ்ல கேட்டா பிரிவு நம்பரோட சொல்லுவான். எழுத வரல. ஒன்றரை வருஷம் போனதுக்கு அப்புறம் தான் காலேஜ்ல சேர்ந்தான், இன்னிக்கும் அத நெனச்சா எனக்கு மனசு ஆறல, ஏன்னா அவன் என்னை விட நல்லா படிக்கிறவன்.

நானும் அதே நெலமைல தான் இருந்தேன். முதல் ரெண்டு செமஸ்டர் நான் தமிழ்ல தான் எழுதினேன், எங்க காலேஜ்ல எழுதலாம். மூணாவது செமஸ்டர்ல இங்கிலீஷ்ல எழுதறதுன்னு முடிவு பண்ணி லா பேப்பருக்கு ஒரு டெஸ்ட் எழுதினேன். அதுல 'மறுபயன் இல்லாத ஒப்பந்தம் செல்லாது'ங்கறத மனசுல தமிழ்ல வெச்சிக்கிட்டு இங்கிலீஷ்ல 'ரிட்டர்ன் பெனிஃபிட்'னு எழுதி வெச்சேன். கருத்து சரி தான். ஆனா சட்டத்துல இருக்கற வார்த்த 'கன்சிடரேஷன்', அது இல்லாம எழுதினா திருத்தறவங்களுக்கு நமக்கு தெரியும்னே தெரியாது. எங்க மேடம் அத சிவப்பு மைல சுழிச்சி, பக்கத்துல கூப்ட்டு வெச்சி சொன்னாங்க: "தமிழ்ல யோசிடா, அது தப்பில்ல, சட்டத்தோட வார்த்தைய மட்டும் மாத்தாத."

அன்னிக்கு சாயந்தரமே ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்கினேன். நடுவுல ஒரு கோடு, இந்தப் பக்கம் மறுபயன், அந்தப் பக்கம் கன்சிடரேஷன். இந்தப் பக்கம் அனாமத்துக் கணக்கு, அந்தப் பக்கம் சஸ்பென்ஸ் அக்கவுண்ட். நற்பெயர், குட்வில். கடனீந்தோர், கிரெடிட்டர்ஸ். குடியாத்தம் பஸ்ல போவ ஒரு மணி நேரம் வர ஒரு மணி நேரம், ஜன்னல் சீட்டு கிடைச்சா நோட்ட பிரிச்சிடுவேன், நிக்க வேண்டி வந்தா மனசுக்குள்ளயே சொல்லிப் பாத்துப்பேன். அப்புறம் சிஏ எக்ஸாம் நடத்தற இன்ஸ்டிட்யூட்டோட வெப்சைட்ல ஸ்டடி மெட்டீரியல், பழைய மாக் டெஸ்ட், ஆர்டிபி-ங்கற ரிவிஷன் கேள்வித்தாள் எல்லாம் காசில்லாம கிடைக்குது, அதுல இருந்து தினம் ஒரே ஒரு லா கேள்வி, ஒரே ஒரு பதில், மூணு பத்தி: சட்டம் என்ன சொல்லுது, இந்தக் கேஸ்ல என்ன நடந்திருக்கு, அதனால முடிவு என்ன. முதல் மாசம் ஒரு பதிலுக்கு நாப்பது நிமிஷம் ஆச்சு. மூணாவது வருஷம் முடியச்சொல்ல பத்து நிமிஷத்துக்குள்ள வந்துட்டேன்.

காலேஜ் மூணு வருஷம் எனக்கு குடுத்தது இது தான். பாடம்னு பாத்தா பிகாம்ல இருக்கற ஆடிட்டிங்கும் இன்கம் டாக்ஸும் இன்டர் லெவலுக்கு பத்தாது, அத உள்ளபடி ஒத்துக்கறேன். ஆனா தப்பா எழுத நேரம் இருந்துச்சு. செமஸ்டர்ல தப்பா எழுதினா அரியர் விழும், இல்ல மார்க் கொறையும், அவ்ளோ தான். ஃபவுண்டேஷன்ல தப்பா எழுதினா அடுத்த அட்டெம்ப்ட் வரைக்கும் நாலு மாசம் வீட்டுல உக்காந்திருக்கணும், சொந்தக்காரங்க கேக்கற கேள்விக்கு பதில் சொல்லணும், பதினெட்டு வயசுல அது சாதாரண விஷயம் இல்ல.

வீடியோ கிளாஸ் பாத்து கத்துக்கலாமேன்னு கேப்பீங்க. நெறையப் பேரு ஹிந்தில நடத்தறாங்க, இங்கிலீஷ் பேட்ச் தேடிப் பிடிக்கணும், தமிழ்ல விளக்கறவங்க ரொம்ப கம்மி. கேட்டா புரியும், ஆனா கேட்டு புரிஞ்சிக்கிறதும் மூணு மணி நேரம் உக்காந்து எழுதறதும் வேற வேற. எழுதித் தான் எழுத வரும்.

இன்டர்ல ரெண்டு குரூப்பா ஆறு பேப்பர், 30 சதவீதம் டிக் அடிக்கிற எம்சிக்யூ, மீதி எழுதணும். நான் முதல் தடவ ஒரு குரூப் தான் தேறினேன், ஆடிட்டிங் காலை வாரிடுச்சு, அடுத்த தடவ எடுத்துட்டேன். லா-வுல பயப்படவே இல்ல.

இப்ப ஆர்ட்டிகிள்ஷிப்லயும் அதே கத தான். இந்த மார்ச் 31-க்கு ராணிப்பேட்டைல ஒரு தோல் கம்பெனிக்கு ஸ்டாக் எண்ண போனோம். வெட் ப்ளூ, அதாவது பாதி பதப்படுத்தின தோல், ஈரத்தோட அடுக்கி வெச்சிருந்தாங்க, அத பீஸ் கணக்குல எண்ணணும். ஃபினிஷ்டு தோலுக்கு பின்னாடி மெஷின் போட்ட சதுர அடி நம்பர் இருக்கும், நூறு தோல்ல பத்த உருவி அந்த நம்பர லிஸ்ட்டோட ஒத்துப் பாக்கணும். ஜாப் ஒர்க்குக்கு, அதாவது கூலிக்கு பதப்படுத்த, வேற டேனரிக்கு போன சரக்கு கண்ணுக்குத் தெரியாது, ஆனா அது இவங்க சரக்கு தான், அங்க இருந்து எழுத்துல உறுதி வாங்கணும். சூப்பர்வைசர் அண்ணன் எல்லாத்தையும் தமிழ்ல சொன்னாரு, நான் ராத்திரி உக்காந்து ஒர்க்கிங் பேப்பர இங்கிலீஷ்ல எழுதினேன். எஸ்ஏ 501-ங்கற ஆடிட்டிங் ஸ்டாண்டர்டுல ஸ்டாக் எண்ணச்சொல்ல ஆடிட்டர் கூட இருக்கணும்னு மனப்பாடம் பண்ணப்ப வெறும் வரியா இருந்துச்சு, அந்த வாடையில நின்னு எண்ணினதுக்கு அப்புறம் அத நான் மறக்கவே போறதில்ல. ஆனா எழுதத் தெரியாம இந்த வேலைக்கு வந்திருந்தா தோல் எண்றதோட நின்னிருப்பேன்.

பெரியப்பா பையன் பக்க நியாயத்தையும் சொல்லணும். அவன் வேலூர்ல மெட்ரிக், இங்கிலீஷ் மீடியம், ஃபவுண்டேஷன் ரெண்டாவது அட்டெம்ப்ட்ல முடிச்சான், ஆர்ட்டிகிள்ஷிப்புக்கு சென்னை போயிட்டான், கரஸ்ல பிகாமும் கைல இருக்கு. இங்கிலீஷ்ல தடையில்லாம எழுத வர பிள்ளைங்க அவன் வழில போறது தான் சரி, மூணு வருஷத்த ஏன் விடணும். ஆனா அவன் ஒண்ணு சொல்லுவான், நடுவுல விட்டுடலாமான்னு தோணின நாள்ல கைல ப்ளஸ் டூ மார்க் ஷீட் மட்டும் தான் இருந்துச்சுன்னு. சிஏ முடிக்க டிகிரி கட்டாயம் இல்லன்னாலும், பேங்க் எக்ஸாம், டிஎன்பிஎஸ்சி குரூப் டூ-ன்னு எது எழுத போனாலும் டிகிரி கேக்கறாங்க. அதே மாதிரி சிஎம்ஏ-ங்கற காஸ்ட் அக்கவுண்டன்ட் படிப்பு பக்கம் திரும்பணும்னாலும் டிகிரி இருந்தா நேரா அங்கயும் இன்டர்.

ஃபைனல் நான் இன்னும் எழுதல. அங்க எந்த வழில வந்தவங்க நல்லா பண்றாங்கன்னு என்னால சொல்ல முடியாது. சென்னைல பெரிய ஃபர்ம்ல ஆர்ட்டிகிள்ஷிப் கிடைக்க எது உதவும்ங்கறதும் எனக்கு அனுபவம் இல்ல, நான் வேலூர விட்டு போவல.

அந்தப் பொண்ணுக்கு சொன்னது இது தான். காலேஜ்ல ரெகுலரா சேரு, 55-ஐ விடாத, மூணாவது செமஸ்டர்ல இருந்தாவது இங்கிலீஷ்ல எழுது. இல்ல ணா, நான் ஃபவுண்டேஷன் தான் எழுதுவேன்னா எழுது, தடுக்கல, அக்கவுண்ட்ஸ அப்படியே மூடி வெச்சிட்டு லா புக்க மொதல்ல எடு, நாளைக்கு ஒரு பதில் எழுதி கொண்டு வா, நான் திருத்தறேன். முந்தாநேத்து ஒண்ணு எழுதி கொண்டு வந்துச்சு, ஒண்ணே கால் பக்கம். அதுல கன்சிடரேஷன்ங்கற வார்த்த மூணு எடத்துல இருந்துச்சு.