லாவெண்டர் எண்ணெய்: மழையும் குளிரும் உள்ள மலைவீட்டில் ஓராண்டுப் புழக்கம்

கூடலூர், தேவாலா, பந்தலூர் பக்கத்து வீடுகளில் தைலம் என்றால் நீலகிரித் தைலம்தான். சளி பிடித்தால் நெஞ்சில் தேய்ப்பதும் தலைவலித்தால் நெற்றியில் பூசுவதும் கைக்குப் பழகிப்போன வேலை. லாவெண்டர் எண்ணெயையும் அதே பழக்கத்தில் எடுத்து அப்படியே பூசுவதில்தான் பாதிக் கோளாறு தொடங்குகிறது. இதன் பலன் முகர்வதில்தான் அதிகம்.

வாங்கும்போது லேபிளில் 'லாவண்டுலா அங்குஸ்டிஃபோலியா' என்ற தாவரப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். 'இன்டர்மீடியா' என்றிருந்தால் அது லாவண்டின் என்ற கலப்பினம். விலை குறைவு, கற்பூர வாடை தூக்கலாக இருக்கும். தரை துடைக்க ஆகும், தூக்கத்துக்கு ஆகாது. வெள்ளைத்தாளில் ஒரு சொட்டு விட்டு மறுநாள் பாருங்கள். எண்ணெய்க் கறை தங்கியிருந்தால் வேறு சமையல் எண்ணெய் கலந்திருக்கிறது. ஆனால் செயற்கை வாசனை கலந்ததை இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது. அதற்கு விற்பவரிடம் அந்தத் தயாரிப்புத் தொகுதிக்கான (பேட்ச்) ஆய்வக அறிக்கையைத்தான் கேட்க வேண்டும். ஜம்மு பக்கம் பதர்வாவில் 'ஊதாப் புரட்சி' என்று பேசப்படும் லாவெண்டர் சாகுபடி வந்த பிறகு நம் நாட்டு எண்ணெயும் கிடைக்கிறது.

தூக்கத்துக்கு இது நன்றாகவே உதவுகிறது. படுப்பதற்கு அரை மணி நேரம் முன்பு பஞ்சில் 2 சொட்டு விட்டு, தலையணைக்குச் சற்றுத் தள்ளி வைத்தால் போதும். பலர் செய்யும் தவறு, வாசனை போய்விட்டதென்று மறுபடி ஊற்றுவது. வாசனை எங்கும் போகவில்லை, மூக்குதான் பழகிவிட்டது. கால் மணி நேரத்தில் இது எல்லோருக்கும் நடக்கும். சொட்டு ஏற ஏறத் தலைவலியும் குமட்டலும்தான் மிச்சம். ஆஸ்துமா உள்ளவர்கள் ஒரே சொட்டில் ஆரம்பித்துப் பார்க்கட்டும். மூச்சு இறுகினால் ஜன்னலைத் திறந்துவிட்டு, அதோடு நிறுத்திவிட வேண்டியதுதான்.

தண்ணீரை அதிரவைத்து நுண்துளிப் புகையாக ஊதும் டிஃப்யூசர் கோடையில் சரி. 100 மில்லி தண்ணீருக்கு 3 சொட்டு, அரை மணி ஓடவிட்டு அணைத்துவிடலாம். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை அதை அலமாரியில் வைத்துவிடுங்கள். தென்மேற்கு மழையில் சுவரே வியர்க்கும் வீட்டுக்குள் மேலும் ஈரத்தை ஊதினால் துணியிலும் மரச்சாமானிலும் பூஞ்சைதான் ஏறும். அந்த மாதங்களுக்குப் பஞ்சே போதும். டிஃப்யூசரின் அடியில் அதிரும் வட்டத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் சுண்ணாம்புப் படிவும் சேரும். புகை குறைவதற்கு அதுதான் காரணம், மெஷின் கெட்டுவிடவில்லை. வாரம் ஒருமுறை வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்தால் பழையபடி ஓடும். கத்தியால் சுரண்டினால் வட்டம் போய்விடும்.

தோலுக்குப் போடுவதென்றால் 30 மில்லி சாதாரண எண்ணெயில் லாவெண்டர் 6 சொட்டு, அதாவது ஏறக்குறைய 1 சதவீதம். இடுப்பு, கெண்டைக்கால் தேய்க்க 12 சொட்டு வரை போகலாம். முதலில் முழங்கை மடிப்பில் தடவி ஒரு நாள் விட்டுப் பார்க்க வேண்டும். நம் பக்கத்தில் கலப்பது தேங்காய் எண்ணெயில்தான். அது சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். மார்கழிக் குளிரில் உறைந்த பாட்டிலின் மேல் லாவெண்டர் சொட்டை விட்டால் அது கலக்காமல் மேலேயே குளமாக நிற்கும். முதல் ஆள் தொட்டு எடுப்பது கிட்டத்தட்ட சுத்த எண்ணெய், தோல் சிவந்து எரிவது அதனால்தான். பாட்டிலை வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்து உருக்கி, ஆறியதும் சொட்டுவிட்டுக் குலுக்குங்கள். அல்லது குளிர்காலத்துக்கு நல்லெண்ணெய்க்கு மாறிவிடலாம். குளிக்கும் வாளியில் நேரே விடுவதும் இதே தவறுதான். எண்ணெய் மிதக்கும், முதல் மக்கு மொத்தத்தையும் அள்ளிவந்து உடம்பில் ஊற்றும்.

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு வேண்டாம். கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான். ஜெர்மனியில் பதற்றத்துக்கு 80 மில்லிகிராம் லாவெண்டர் எண்ணெய் அடைத்த காப்ஸ்யூல் உண்டு. அது அளந்து தரப்படுத்திய மருந்து. அதைச் சொல்லிக்கொண்டு பாட்டிலில் இருப்பதைத் தேநீரில் விட்டுக் குடிக்கக் கூடாது. அடுப்பில் சுட்டுக்கொண்டால் முதலில் 20 நிமிடம் ஓடும் தண்ணீர். கொப்புளத்தின் மேல் எந்த எண்ணெயும் வேண்டாம்.

நீண்ட நாள் புழக்கத்தில்தான் தெரியவரும் விஷயம், எண்ணெய் மூப்படைவது. இதில் உள்ள லினலூல் என்ற வாசனைப் பொருள் காற்றுபட்டு மாறி, தோலுக்கு ஒவ்வாமை தரும் பொருளாகிவிடும். ஆறு மாதம் ஒன்றும் செய்யாத எண்ணெய் பிறகு அரிப்பைக் கொடுப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். பூ வாசனை மங்கி டர்பன்டைன் போலக் காரமேறினால் தோல் பக்கம் கொண்டுபோகக் கூடாது. திறந்த தேதியை பாட்டிலிலேயே எழுதி ஒட்டுங்கள். பெரிய பாட்டில் மலிவு என்று வாங்கினால் பாதி காலியான பிறகு உள்ளே காற்றுதான் அதிகம். 10 மில்லி பாட்டிலே லாபம். ரப்பர் டிராப்பரோடு மூடி வைத்தால் ரப்பர் இளகும், உள்மூடியில் துளையுள்ள பாட்டிலே நல்லது. அடுப்பு மேடையில் வைக்காமல் இருட்டான அலமாரியில் வையுங்கள்.

இனி வளர்ப்புப் பிராணிகள். நாய்க்கு வாசனையால் ஓரளவு அமைதி கிடைக்கும். காரில் ஏறினால் பரபரக்கும் 32 நாய்களை வைத்துச் செய்து 2006-இல் வெளியான ஆய்வில், லாவெண்டர் வாசனை இருந்த பயணங்களில் அவை அதிக நேரம் உட்கார்ந்தும் படுத்தும் இருந்தன. பாட்டவயல் வழியாக பத்தேரி, கல்பற்றா தாண்டி பூக்கோடு கால்நடைக் கல்லூரிக்கு நாயை ஏற்றிப்போகிறவர்களுக்கு இது பயன்படும். ஒரு துணியில் ஒரு சொட்டு விட்டு, நாய்க்கு எட்டாத இடத்தில் கட்டி, ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். நாயின் மூக்குக்கு அந்த ஒரு சொட்டே தாராளம். அது முகத்தைத் திருப்பினாலோ தும்மினாலோ துணியை எடுத்துவிடுங்கள். ரோமத்தில் பூசினால் நக்கிவிடும், அது வயிற்றுக்கு விஷம்.

உண்ணிக்கு இதை நம்பவே வேண்டாம். தேயிலைக் காட்டுக்குள் போய்வரும் நாய்க்குக் கழுத்துப் பட்டையில் லாவெண்டர் தடவினால் உண்ணி ஏறத்தான் செய்யும். நாய்க்கு உண்ணிக் காய்ச்சல் வரும் ஊர் இது. வயநாட்டில் மனிதருக்குக் குரங்குக் காய்ச்சலைப் பரப்பியதும் உண்ணிதான். கால்நடை டாக்டர் எடைபார்த்துத் தரும் மருந்தை நாள் தவறாமல் போடுவதே வழி.

பூனை இருக்கும் வீட்டில் டிஃப்யூசர் ஓடக்கூடாது என்பதில் எங்களுக்கு இரண்டு கருத்து இல்லை. இத்தகைய பொருள்களைச் சிதைத்து வெளியேற்றும் வேலையை பூனையின் கல்லீரல் சரிவரச் செய்யாது. காற்றில் பறக்கும் நுண்துளி ரோமத்தில் படியும், பூனை நாள் முழுக்க நக்கும். பழைய எண்ணெயைத் தரை துடைக்கும் நீரில் ஊற்றினாலும் பாதம் வழியாக அதே கதைதான். கூண்டில் லவ் பேர்ட்ஸ் வளர்ப்பவர்களும் அந்த அறையில் இதைத் திறக்க வேண்டாம். பறவையின் மூச்சு மண்டலம் மிக மெல்லியது.

பூனை மேல் எண்ணெய் கொட்டிவிட்டால் பாத்திரம் கழுவும் சோப்பும் வெதுவெதுப்பான நீரும் விட்டு உடனே கழுவி, துண்டில் சுற்றி, நக்க விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். எச்சில் ஒழுகினாலோ, வாந்தி எடுத்தாலோ, நடை தள்ளாடினாலோ உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். வாந்தி எடுக்கவைக்க முயலாதீர்கள், எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். எந்த எண்ணெய், எத்தனை மில்லி என்று டாக்டர் முதலில் கேட்பார்.